கல்கிக்கு மட்டும் எப்படி நேரம் கிடைச்சுது?

முதல்ல உங்ககிட்ட ஒரு கேள்வி. உங்க லேப்டாப்ல பாதியில நிக்கிற ஸ்கிரிப்ட் எத்தனை இருக்கு?

என்கிட்ட மூணு இருக்கு. ஒண்ணு பதினொரு பக்கத்துல நிக்குது, இன்னொண்ணு நாலு பக்கத்துல. மூணாவதுக்கு டைட்டில் மட்டும்தான் ரெடி. ஏன்னு கேட்டா பதில் தயாரா இருக்கும்: நேரம் இல்லை. ப்ராஜெக்ட் ரிவ்யூ, ப்ளேஸ்மென்ட், வீட்டுக்குப் போனா தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், தங்கச்சிக்கு மேத்ஸ் சொல்லித் தரணும், வாரக் கடைசியில ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வேலைக்குப் போன பிறகு நிம்மதியா உட்கார்ந்து எழுதிக்கோன்னு அப்பா சொல்றாரு. வேலைக்குப் போன சீனியர்ஸைப் பார்த்தா அந்த நிம்மதி எங்கேயும் கண்ணுல படல.

இந்த நேரத்துலதான் கல்கி என் கையில சிக்கினார். 'பொன்னியின் செல்வன்' படம் வந்தப்ப நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச அதே கல்கி. ஆனா அவர் சினிமாவுக்கே எழுதினவர்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. அதனால அவர் கதையைக் கொஞ்சம் சொல்றேன்.

பரீட்சைக்கு முன்னாடி வெளியே வந்தவர்

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9 அன்று மாயவரம் பக்கத்தில் புத்தமங்கலம் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். அப்பா ஊர்க் கணக்குப் பார்த்தவர். பையனைத் திருச்சியில் படிக்க வைத்தார்கள். 1921-ல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய நேரத்தில் படிப்பை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். நம்ம பாஷையில சொன்னா, பைனல் செம் எழுதாம போயிட்டார். அடுத்த வருஷம் ஒரு வருஷ சிறைத் தண்டனை.

வெளியே வந்ததும் காங்கிரஸ் வேலை. அங்கேதான் ராஜாஜியும் சதாசிவமும் அறிமுகமானார்கள். இந்த இரண்டு பேரும் அவருடைய வாழ்க்கை முழுக்க வரப்போகிறவர்கள். 1923-ல் திரு.வி.க. நடத்திய 'நவசக்தி'யில் உதவி ஆசிரியர். 1924-ல் ருக்மிணியுடன் கல்யாணம். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு சேர்ந்து மதுவிலக்குக்காக 'விமோசனம்' என்ற பத்திரிகை. 1928-ல் 'ஆனந்த விகடன்'ல 'ஏட்டிக்குப் போட்டி'ன்னு ஒரு கட்டுரை எழுதினார். அதில் போட்ட பெயர்தான் 'கல்கி'. 1930-ல் மறுபடியும் சிறை. திரும்பி வந்ததும் விகடன் ஆசிரியர் பொறுப்பு.

இங்கேயே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. அவருக்கு ஒரு நாளும் எழுத்து மட்டும் வேலையா இருந்ததே இல்லை. கட்சி, பத்திரிகை, சிறை, வீடு, ஆனந்தி, ராஜேந்திரன்னு இரண்டு குழந்தைகள். இதுக்கு நடுவுலதான் எல்லாமே.

மாமல்லபுரம் கடற்கரை

நம்ம செங்கல்பட்டுலேர்ந்து திருக்கழுக்குன்றம் வழியா பஸ் ஏறினா மாமல்லபுரம் போயிடலாம். இரண்டாவது வருஷம் ஷார்ட் ஃபிலிமுக்கு லொகேஷன் பார்க்க நாங்க நாலு பேர் போனோம். அர்ஜுனன் தபசு முன்னாடி போட்டோ எடுத்தோம், சுண்டல் சாப்பிட்டோம், வந்துட்டோம். படம் எடுக்கல.

கல்கியும் அதே கடற்கரைக்குப் போயிருக்கார். கூட ரசிகமணி டி.கே.சி. மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, இந்தப் பாறைகளைச் செதுக்கியவர்களும் செதுக்கச் சொன்ன அரசர்களும் மனசுக்குள் நடமாட ஆரம்பித்தார்கள். மகேந்திர பல்லவர், மாமல்லர், ஆயனச் சிற்பி, சிவகாமி. 'சிவகாமியின் சபதம்' பிறந்தது அப்படித்தான் என்று அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார்.

என்னை நிறுத்தினது அதுக்கு அடுத்து வர்ற கணக்கு. அந்த மாலைக்கும் கதை எழுதி முடிந்ததுக்கும் நடுவில் சுமார் பன்னிரண்டு வருஷம். பன்னிரண்டு வருஷமும் அந்தப் பாத்திரங்கள் அவர் தலைக்குள்ளேயே குடியிருந்தாங்க. நான் இரண்டு வருஷமா எழுதலைன்னு புலம்பிக்கிட்டிருக்கேன்!

ஆனா அவர் அந்தப் பன்னிரண்டு வருஷம் சும்மா இருக்கல. அங்கேதான் சினிமா வருது.

ஒரே கதை, இரண்டு வேலை

விகடனில் இருந்தபோது 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரி, நாட்டியம் எல்லாவற்றையும் விமர்சித்து எழுதினார். 'தமிழ்த்தேனீ', 'லாங்கூலன்', 'யமன்', 'அகஸ்தியர்'னு இன்னும் பல பெயர்கள். ஒரே ஆள் பத்திரிகையில பல பக்கத்தை நிரப்பணும்னா வேற என்ன செய்யறது?

1937-ல் 'கள்வனின் காதலி' தொடர்கதை. அடுத்து டைரக்டர் கே. சுப்ரமணியத்துக்காக 'தியாக பூமி'. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். படமும் தொடர்கதையும் ஒரே சமயத்தில் வளர்ந்தன. விகடனில் வாராவாரம் கதை வந்தது. ஓவியத்துக்குப் பதிலாக ஷூட்டிங்கில் எடுத்த ஸ்டில்களையே கதையோடு அச்சிட்டார்கள். கதை படிக்கிறவர்கள் சம்பு சாஸ்திரியாக நடித்த பாபநாசம் சிவனையும், சாவித்திரியாக நடித்த எஸ்.டி. சுப்புலட்சுமியையும் படம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். இன்னிக்கு இதுக்குப் பேர் ப்ரொமோஷன். அன்னிக்கு அது, சினிமாவுக்குன்னு தனியா நேரம் ஒதுக்க முடியாத ஒரு ஆசிரியர், சினிமாவைத் தன் தினசரி வேலைக்குள்ளேயே இழுத்துப் போட்டுக்கிட்டதும்தான்.

படம் 1939-ல் வெளியானது. கணவனால் ஒதுக்கப்பட்ட ஒரு பெண், பிற்பாடு அவன் திரும்பக் கூப்பிடும்போது சேர்ந்து வாழ மறுக்கிறாள், சுதந்திரப் போராட்டத்தில் இறங்குகிறாள். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். காங்கிரஸ் பிரசாரம் இருக்கிறது என்று பிரிட்டிஷ் அரசு 1940-ல் படத்தையே தடை செய்தது.

1944: ஒரே நேரத்தில் எல்லாம்

1941-ல் தனிநபர் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு மூன்றாவது முறை சிறை. விகடனை விட்டும் வெளியே வந்தாச்சு. இப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. குடும்பம் இருக்கிறது, சம்பளம் இல்லை. சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தமாகப் பத்திரிகை ஆரம்பிக்க முடிவு செய்தார். பணத்துக்கு எங்கே போவது? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக, ஆண் வேஷத்தில், நடித்தார். அந்தச் சம்பளம்தான் மூலதனம். 1941 ஆகஸ்டில் 'கல்கி' முதல் இதழ் வந்தது. அந்தப் பத்திரிகையில்தான் 'பார்த்திபன் கனவு' தொடர்.

1944-க்கு வாங்க. ஜனவரியில் 'சிவகாமியின் சபதம்' தொடங்குகிறது. அதே காலத்தில் சதாசிவம் 'மீரா' படத்தைத் தயாரிக்கிறார். எம்.எஸ். தான் மீரா. டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ்ப் படங்களை எடுத்தாரே தவிர, அவருக்குத் தமிழ் பேச வராது. அப்படியானால் வசனத்தின் பொறுப்பு முழுக்க எழுதுகிறவர் தலையில். அந்த வசனத்தை எழுதியவர் கல்கி. பாட்டும் எழுதினார். நம்ம பாட்டிங்க இன்னிக்கும் முணுமுணுக்கிற 'காற்றினிலே வரும் கீதம்' அவர் எழுதினதுதான். ஷூட்டிங் ராஜஸ்தான் வரைக்கும் போனது. 1945 தீபாவளிக்குப் படம் வந்தது.

கொஞ்சம் கூட்டிப் பாருங்க. வாரம் ஒரு பத்திரிகை, அதுக்குத் தலையங்கம், வாரம் ஒரு அத்தியாயம், படத்துக்கு வசனம், பாட்டு, வீட்டில் வளர்கிற இரண்டு குழந்தைகள். 'சிவகாமியின் சபதம்' 1946 வரை ஓடி முடிந்தது.

சினிமாவுக்கு எழுதின கை நாவலுக்குள்ளயும் தெரியுது. முதல் அத்தியாயத்துல காஞ்சிக்குப் போற சாலையில இரண்டு பேர் நடந்து வர்றாங்க, ஒரு புத்த பிக்ஷுவும் ஒரு கிராமத்து இளைஞனும். யார் இவங்கன்னு விளக்கம் கிடையாது, நடந்துக்கிட்டே பேசுறாங்க. அப்புறம் மதம் பிடிச்ச யானை சிவகாமியும் அப்பாவும் வர்ற பல்லக்கை நோக்கி ஓடுது, அந்த இளைஞன் வேலை எறியறான். ஆங்கில மீடியத்துல படிச்ச நான், தமிழை எழுத்துக்கூட்டாத குறையா படிக்கிறவன். எனக்கே அந்த சீன் கட் கட்டா கண்ணுல ஓடிச்சு.

சரி, நேரம் எங்கேர்ந்து வந்துது?

எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன், தப்பா இருந்தா திட்டுங்க.

ஒண்ணு, கெடு. வார இதழ் அச்சுக்குப் போயாகணும். எழுதறதுக்கு மூடு வந்துச்சா இல்லையான்னு அச்சகம் கேட்காது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை மூன்றரை வருஷம் வந்தது. அவ்வளவு பெரிய கதையை யாரும் ஒரு லீவுல உட்கார்ந்து எழுத முடியாது. ஒரு வாரத்துக்கு ஒரு அத்தியாயம்னுதான் எழுத முடியும்.

இரண்டு, நண்பர்கள். டி.கே.சி. இல்லாம அந்தக் கடற்கரை இல்லை. சதாசிவமும் எம்.எஸ்.ஸும் இல்லாம 'கல்கி' பத்திரிகை இல்லை, 'மீரா' இல்லை. குடும்பங்களும் ஒண்ணாவே கலந்திருந்தன. படத்தில் சின்ன வயசு மீராவாக வந்தது சதாசிவத்தின் மகள் ராதா. அவரும் கல்கியின் மகள் ஆனந்தியும் ஜோடியாக மேடைகளில் நாட்டியம் ஆடியவர்கள். வீடு தனி, எழுத்து தனின்னு அங்கே சுவரே இல்லை.

மூணாவது, நாம பெரும்பாலும் பேசாதது. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறை அவர் சிறைக்குப் போனார், ஒரு முறை வேலையையும் விட்டார். அந்த நாட்களிலும் வீடு நடந்திருக்கு. ருக்மிணி அம்மாள் பெயரை எத்தனை கட்டுரையில பார்த்திருக்கீங்க? கல்கிக்கு எப்படி நேரம் கிடைச்சுதுன்னு கேட்டா, அந்த நேரத்தோட ஒரு பங்கு அவங்களோடதுன்னு நான் நினைக்கிறேன். இதை எழுதும்போது, நான் ஸ்கிரிப்ட் எழுதறேன்னு கதவைச் சாத்தினா, தாத்தா கூட ஆஸ்பத்திரி க்யூவுல நிக்கிறது வேலையிலேர்ந்து வந்த அம்மாதான்ங்கிறதும் ஞாபகம் வருது.

இன்னொண்ணும் சொல்லணும். கல்கி 1954 டிசம்பர் 5 அன்று இறந்தார். வயது 55. காசநோய். இப்படி ஓயாம உழைச்சா ஜெயிக்கலாம்னு மோட்டிவேஷன் வீடியோ மாதிரி இதை முடிக்க எனக்கு மனசு வரல.

'கள்வனின் காதலி' சிவாஜி, பானுமதி நடிச்சு 1955-ல் படமாக வந்தது. 'பார்த்திபன் கனவு' 1960-ல். 'அலை ஓசை'க்கு 1956-ல் சாகித்ய அகாடமி விருது. எதையும் அவர் பார்க்கலை.

முடியாத கல்

மாமல்லபுரம் ஐந்து ரதத்தை அடுத்த தடவை பார்க்கும்போது கீழ்ப்பகுதியைப் பாருங்க. வேலைப்பாடு முழுசா முடியல. ஊருக்குள்ள இன்னும் சில ரதங்கள் பாதிச் செதுக்கலோட அப்படியே நிக்குது. அதைப் பார்க்கவும் ஆட்கள் வர்றாங்க.

கல்கிக்கும் அப்படி ஒண்ணு இருந்தது. சாகும்போது 'அமர தாரா' நாவல் முடியாமல் நின்றது. குறிப்புகளை வைத்துக்கொண்டு அதை எழுதி முடித்தது மகள் ஆனந்தி. அப்பா எழுதறதைச் சின்ன வயசுலேர்ந்து பக்கத்துல இருந்து பார்த்த பொண்ணு. மகன் ராஜேந்திரன் பின்னாளில் 'கல்கி' பத்திரிகையின் ஆசிரியரானார். வீடு அவர் எழுத்தோட நேரத்தைத் தின்னுச்சுன்னு மட்டும் சொல்ல முடியாது. கடைசியில எழுதி முடிச்சுக் கொடுத்ததும் வீடுதான்.

நான் என்ன செஞ்சேன்னு கேட்பீங்க. பெருசா ஒண்ணும் இல்லை. எங்க நாலு பேர் வாட்ஸ்அப் குரூப்ல ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணின்னு கெடு வெச்சோம். ஆளுக்கு இரண்டு பக்கம். எப்படி இருந்தாலும் அனுப்பணும், அனுப்பாதவன் திங்கட்கிழமை கேன்டீன்ல டீ வாங்கித் தரணும். முதல் வாரம் நான்தான் டீ வாங்கினேன். இரண்டாவது வாரம், ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பர் வர்றதுக்காகக் காத்திருந்தப்ப போன்லேயே டைப் பண்ணினேன். பக்கத்துல இருந்த தாத்தா என்ன எழுதறேன்னு கேட்டார். படிச்சுக் காட்டினேன். அந்தப் பெரியவர் அப்படிப் பேச மாட்டார்னு ஒரு வசனத்தை மாத்தச் சொன்னார். மாத்தினேன்.

பதினொரு பக்கம் இப்ப பதினேழு ஆகியிருக்கு. ஜூலையில வேலைக்குச் சேரணும். அதுக்குள்ள முடியுமான்னு தெரியல. உங்க போல்டர்ல பாதியில நிக்கிறது என்னன்னு சொல்லுங்க. குரூப்ல இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கு.