கருவூலத்தில் பழையதும் புதியதும்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை



மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், உவமைகளைச் சொல்லி முடித்த இயேசு ஒரு வீட்டுத் தலைவரைப் பற்றிப் பேசுகிறார். அவர் தம் கருவூலத்தைத் திறந்து புதியதையும் பழையதையும் சேர்த்தே வெளியே எடுப்பவர். இப்பகுதியைத் தியானிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், காவிரிக் கரையில் நீதி வழங்கிய ஒரு கத்தோலிக்க இல்லறத்தார். வீரமாமுனிவரையும் அருளானந்தரையும் மறையுரைகளில் அடிக்கடி நினைவுகூர்கிறோம். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை ஏனோ தமிழாசிரியர்களிடம் விட்டுவிட்டோம்.

அவர் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். அதே நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணி செய்து, பின்னர் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, கடைசியாக மாயூரம். இன்றைய மயிலாடுதுறைதான் அன்றைய மாயூரம். அங்கே ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் அவர் பணியாற்றியதால் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நில வழக்கும் வாய்க்கால் வழக்கும் மலிந்த நெல் நாடு இது. வழக்காடுபவருக்குத் தெரிந்தது தமிழ். மேல்நீதிமன்றத் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன. தன் நிலத்தைப் பற்றிய சட்டத்தைத் தானே படித்தறிய முடியாத நிலையில் உழவர் நின்றார். வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கி, 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலாக வெளியிட்டார். அவருடைய பாடல்களைப் போற்றுவோர் இந்த நூலை அதிகம் பேசுவதில்லை. ஏழைக்கு நீதி கிடைக்கவேண்டும் என்ற இறைவாக்கினர்களின் குரலை நான் இதில்தான் முதலில் கேட்கிறேன்.

அதற்கு முன்பே, 1859-இல், அவருடைய 'நீதிநூல்' வெளிவந்திருந்தது. திருக்குறளைப் போல அதிகாரம் அதிகாரமாக அறம் சொல்லும் பழைய மரபு அது. அதற்குள் கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைக் கண்டிக்கும் செய்யுள்களை வைத்தார். எழுதியவரே அரசு அதிகாரி என்பதை மறந்துவிடக் கூடாது. உடன் பணியாற்றியவர்கள் முகம் சுளிக்கக்கூடிய எழுத்து அது.

அன்னை மரியாவுக்கு 'தேவமாதா அந்தாதி' பாடினார். ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கமாக வைத்துக் கோக்கும் அந்தாதி, ஆழ்வார்களும் நாயன்மார்களும் கையாண்ட வடிவம். கீர்த்தனையையும் அவ்வாறே எடுத்துக்கொண்டார். தமிழ்க் கீர்த்தனைக்கு வழிவகுத்த முத்துத் தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் வாழ்ந்த சீர்காழியில் முன்சீப்பாக இருந்தவர் அல்லவா! 1878-இல் வெளியான அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்', எந்தச் சமயத்தவரும் பாடக்கூடிய சொற்களில் ஒரே இறைவனைப் போற்றுகின்றன. இது விசுவாசத்தை நீர்த்துப்போகச் செய்வதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரியாவுக்கு அந்தாதி தொடுத்த அதே கைதான் இதையும் எழுதியது. தன் வீட்டுச் செபத்தில் உறுதியாக நின்றவருக்கு அண்டை வீட்டாரோடு சேர்ந்து பாடுவதில் அச்சம் இருக்கவில்லை. பிற சமயத்தாரிடம் உள்ள உண்மையானதையும் தூயதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965-இல். அதற்கு எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் வந்த புத்தகம் இது.

அவருடைய நண்பர்களைப் பாருங்கள். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர், உ.வே. சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். அழுத்தமான சைவர்கள். மகாவித்துவான் இவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் 'குளத்தூர்க் கோவை' பாடினார். பழம்பெரும் கோவை இலக்கியத்தில் ஒரு கத்தோலிக்க முன்சீப்!

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. வேதநாயகம் பிள்ளை அப்போது முன்சீப் பதவியை விட்டு விலகியிருந்தார். தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சிவனையன்றி மனிதரைப் பாடத் துணியாதவர் என்று பெயரெடுத்தவர் பாரதியார்.

பஞ்சம் ஓய்ந்ததும், 1879-இல், தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. பாட்டாலேயே எல்லாவற்றையும் சொல்லி வந்த மொழியில் உரைநடையில் ஒரு நெடுங்கதை! உள்ளே பாட்டி சொல்லும் கதைகளும் பழமொழிகளும் வேடிக்கைகளும் நிறைந்திருக்கின்றன. நாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். 'பெண்மதி மாலை' எழுதிப் பெண்கல்விக்கு வாதாடியவர் வேறெப்படிக் கதை எழுதுவார்? நீதிமன்றங்களில் தமிழ் வேண்டும் என்ற வாதத்தையும் அந்த நாவலுக்குள் வைத்திருக்கிறார். கதையின் ஓட்டம் அங்கே சற்றுத் தடைபடுவது உண்மைதான். முன்சீப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கீர்த்தனைகள் கச்சேரி மேடைகளில் இன்றும் பாடப்படுகின்றன. இயற்றியவர் கத்தோலிக்கர் என்பதை அறியாமலே பலர் தாளம் போட்டுக் கேட்கிறார்கள்.