நீதியரசர் வில்லியம் ஹேஸ்டி

அமெரிக்கக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முதன்முதலாக அமர்ந்த கறுப்பினத்தவர் வில்லியம் ஹென்றி ஹேஸ்டி. அவர் வகித்த பதவிகள் பல. ஆனால் அவர் தாமாகவே விட்டு விலகிய ஒரு பதவியைத்தான் சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் முதலில் அறிய வேண்டும்.

1904இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் பிறந்தவர். அமெர்ஸ்ட் கல்லூரியில் 1925இல் முதல் மாணவராகத் தேறி, ஈராண்டு பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, ஹார்வர்டில் சட்டம் பயின்றார். பிறகு வாஷிங்டனில் வழக்கறிஞர் தொழிலோடு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டமும் போதித்தார். அங்கே அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் தர்குட் மார்ஷல்.

1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை விர்ஜின் தீவுகளின் கூட்டரசு நீதிபதியாக்கினார். அப்போது வயது 32. ஈராண்டில் ஹோவர்டின் சட்டக் கல்லூரித் தலைவராகத் திரும்பினார்.

1940இல் போர் அமைச்சரின் ஆலோசகர் பொறுப்பு வந்தது. அன்றைய ராணுவத்தில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் படைப்பிரிவுகள். அதை மாற்ற உள்ளிருந்தே மன்றாடினார். விமானப்படையோ கறுப்பின வீரர்களைப் பிரித்து வைப்பதிலேயே குறியாக இருந்தது. தம் பெயர் வெறும் அலங்காரத்துக்குப் பயன்படுகிறது என்று கண்டதும், 1943 ஜனவரியில், போர் நடுவே விலகினார். காரணங்களை நாளேடுகளிலும் எழுதினார். இப்படி அரசாங்கத்தை வெளிப்படையாகக் குறை சொன்னவருக்கு இனி உயர் பதவி ஏது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

மறு ஆண்டே தம் மாணவர் மார்ஷலுடன் உச்ச நீதிமன்றத்தில் நின்று வாதாடினார். டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அக்கட்சியின் வேட்பாளரே அங்கு வெல்வது வழக்கம் என்பதால், உண்மையான வாக்குரிமை அந்த வாக்கெடுப்பில்தான் இருந்தது. அத்தடையை நீதிமன்றம் நீக்கியது.

1946இல் அதிபர் ட்ரூமன் அவரை விர்ஜின் தீவுகளின் ஆளுநராக அனுப்பினார். 1949 அக்டோபரில் பிலடெல்பியாவிலுள்ள மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். செனட் சபை ஒப்புதல் தர மறு ஆண்டு ஜூலை ஆகிவிட்டது. அதுவரை தற்காலிக நியமனத்திலேயே வழக்குகளை விசாரித்தார். விர்ஜின் தீவுகளின் மேல்முறையீடுகளும் அந்த நீதிமன்றத்துக்குத்தான் வரும்!

1962இல் உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் பேசப்பட்டும், அதிபர் கென்னடி வேறொருவரைத் தேர்ந்தார். ஐந்தாண்டு கழித்து அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதியரசரானவர் மார்ஷல். ஹேஸ்டி 1968 முதல் 1971 வரை தம் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்து, 1976 ஏப்ரல் 14ஆம் நாள் காலமானார்.