பாவா ஆதம் மலைக்கு இரு பாதைகள்

மன்னார் உப்புக்குளத்திலிருந்து தெற்கே கரையோரமாகச் சென்றால் புத்தளம் வரும். 1990 அக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்களுள் பலர் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்று உயிர் காத்தனர். அதற்கு ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன்னர் அக்கரையில் இறங்கிய மற்றொரு பயணியின் வாழ்வு, வழியைத் தெரிந்தெடுப்பது பற்றி நமக்குச் சிலவற்றைக் கற்பிக்கிறது. அவர் இப்னு பதூதா.

மொரோக்கோவின் தஞ்சா நகரில் 1304இல் பிறந்த அவர், மார்க்கச் சட்டம் பயின்று, 1325இல் தமது இருபத்தோராம் வயதில் ஹஜ்ஜுக்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டு செங்கடலைக் கடக்கும் எண்ணத்துடன் ஐதாப் துறைமுகம் வரை பாலைவனம் கடந்து சென்றார். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது, கடல்வழி அடைபட்டிருந்தது. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. கெய்ரோவுக்குத் திரும்பி, டமாஸ்கஸ் சென்று, அங்கிருந்து புறப்பட்ட பெருங்கூட்டத்துடன் இணைந்தார். சுற்றுவழிதான், ஆயினும் அதே ஆண்டு ஹஜ்ஜை நிறைவேற்றினார்.

பின்னர் டில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காஸியாகவும், அதன்பின் மாலைதீவில் காஸியாகவும் பணிபுரிந்தார். 1344இல் மாலைதீவிலிருந்து தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்ட அவரது கப்பலைக் காற்று இலங்கைக்குத் தள்ளிவந்தது. அவர் பத்தாலா எனக் குறிப்பிடும் ஊர் புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து. கரையை நெருங்க மாலுமிகள் அஞ்சினர். ஆனால் அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை மரியாதையுடன் வரவேற்றார். பாரசீக மொழியும் அறிந்திருந்தார். முத்துக்களைக் காட்டி, வேண்டியதைக் கேட்கும்படி மன்னர் கூறியபோது, பாவா ஆதம் மலையிலுள்ள பாதத்தைக் காண்பதொன்றே தமது விருப்பம் என்றார் பயணி.

மன்னர் அனுமதியோடு நின்றுவிடவில்லை. பல்லக்கும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றுவரும் யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், தம் ஆட்கள் பத்துப் பேரும், உணவு சுமப்போர் பதினைவரும் உடன் அனுப்பினார். ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்கு இந்து மன்னர் அளித்த மிகப் பெரிய கொடை, வழி அறிந்த அந்த மனிதர்களே. காட்டு அட்டைக்கு எலுமிச்சைச் சாறு மருந்து என்பது போன்ற வழிநடை அறிவையும் இப்னு பதூதா மறவாமல் பதிவு செய்துள்ளார். தம் ஷெய்கு தடுத்தும் கேளாமல் யானைக் கன்றைக் கொன்று தின்ற பக்கீர்கள் அன்றிரவே யானைகளால் மாண்டனர் என்னும் கதையையும் அவர் சொல்கிறார். வழிகாட்டியின் சொல்லை மீறுவோர்க்கு அது எச்சரிக்கை.

மலைக்கு இரு பாதைகள் இருந்தன. ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. ஆதமின் பெயராலும் ஹவ்வாவின் பெயராலும் அமைந்தவை. பாபா பாதை செங்குத்தானது, கடினமானது. மாமா பாதை எளியது. ஆனால் அதன்வழி ஏறியவர் யாத்திரை செய்தவராகக் கருதப்படவில்லை. பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அறைந்து, பத்துச் சங்கிலிகளை முன்னோர் தொங்கவிட்டிருந்தனர். பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அங்கு நின்று கீழே நோக்குவோர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமா மொழிவதே காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடினப் பாதையைப் போற்றிய அதே யாத்திரிகர்கள், இறங்குவதற்கு எளிய பாதையையே வழக்கமாகக் கொண்டிருந்தனர். இப்னு பதூதாவும் மாமா பாதையாலேயே திரும்பினார். களைத்த கால்களுக்கு இறக்கமே ஆபத்தானது என்பதை இன்றைய மலையேறிகளும் அறிவர். 2014 ஏப்ரல் 18இல் எவரெஸ்ட்டின் கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து, நேபாளத் தொழிலாளர் 16 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே, 2015 ஏற்றத்துக்கான பாதை சரிவுக்கு அஞ்சத்தக்க ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்கு மாற்றப்பட்டது. அவர்கள் உயிரோடு இருக்கையிலேயே அந்த மாற்றம் வந்திருக்கக் கூடாதா?

இப்னு பதூதா சீனம் வரை சென்று, 1349இல் தாய்நாடு திரும்பினார். பின்னர் மாலி வரை போய்வந்து, தம் அனுபவங்களைச் சொல்லி எழுதுவித்தார்; நூல் 1355இல் நிறைவெய்தியது. 1369ஆம் ஆண்டளவில் மொரோக்கோவிலேயே காலமானார். கப்பலுடைவையும் கொள்ளையரையும் கண்ட அவர் அஞ்சாதவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அடைபட்ட வழியில் முட்டி மோதுவதை அவர் வீரமென்று எண்ணவில்லை.

2243 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு இன்றும் நீண்ட இரத்தினபுரி வழியும், குறுகிய அட்டன் வழியும் உண்டு. முதியோருடனும் சிறுவருடனும் செல்வோர் எளிய வழியைக் கொள்வதில் இழிவேதும் இல்லை. 1990இல் கடல்வழி கொண்ட மன்னார் மக்களுள் பலர், போர் முடிந்தபின் உயிரோடு ஊர் திரும்பினர். திரும்பி வரச் செய்யும் வழியே நல்வழி.