கோழிக்கறியில் ஒட்டிக்கொண்ட ஒரு பெயர்

உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஒருத்தி, உணவுப் பாதுகாப்பு பற்றிய சுவரொட்டி ஒன்றைத் துணைப்பாட வகுப்புக்குக் கொண்டு வந்திருந்தாள். பள்ளித் திட்டப்பணி. நடுவில் பெரிய மீன் ஒன்றை வரைந்து, அதன் கீழே சால்மோனெல்லா என்று எழுதியிருந்தாள். சால்மன் மீனிலிருந்து வருவதால்தானே கிருமிக்கு அந்தப் பெயர் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், அவள் வயதில் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது மீனின் பெயரன்று, ஒரு கால்நடை மருத்துவரின் பெயர்.

டேனியல் எல்மர் சால்மன் 1850ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். எட்டு வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்தார். உறவினர் ஒருவர் எடுத்து வளர்த்தார். பண்ணை வேலை, கிராமத்துக் கடையில் எழுத்தர் வேலை என்று சிறு வயது கழிந்தது. 1868இல் கார்னெல் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது, அதில் நுழைந்த முதல் மாணவர்களுள் அவரும் ஒருவர். அங்கே ஜேம்ஸ் லா என்ற பேராசிரியரிடம் கால்நடை மருத்துவம் கற்றார். 1876இல் கார்னெல் அவருக்கு அளித்த கால்நடை மருத்துவ டாக்டர் பட்டம்தான் அமெரிக்காவில் வழங்கப்பட்ட அத்தகைய முதல் பட்டம்.

மாட்டு வைத்தியம் என்று ஏளனமாகப் பார்க்கப்பட்ட தொழில் அது. ஆனால், அன்றைய அமெரிக்காவின் செல்வமே ஆடு மாடு பன்றிகளில்தான் இருந்தது. மாடுகளின் நுரையீரலைத் தாக்கும் கொடிய தொற்றுநோய் ஒன்று பரவியதால், 1884இல் அமெரிக்க அரசு கால்நடைகளுக்கென ஒரு துறையை அமைத்தது. அதன் முதல் தலைவர் சால்மன். நோயுற்ற மாடுகளைத் தேடிப்பிடித்து அழித்து, மற்றவற்றைத் தனிமைப்படுத்தி, 1892க்குள் அந்த நோயை நாட்டை விட்டே விரட்டினார். அமெரிக்கப் பன்றி இறைச்சியில் புழு இருப்பதாகச் சொல்லி ஐரோப்பிய நாடுகள் அதைத் தடை செய்திருந்தன. 1890, 1891ஆம் ஆண்டுகளில் வந்த இறைச்சிச் சோதனைச் சட்டங்களை நடைமுறைப்படுத்தியதும் இவருடைய துறைதான். ஊழியர்கள் நுண்ணோக்கியில் இறைச்சித் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

இனிமேல்தான் கதை சிக்கலாகிறது.

சால்மனின் ஆய்வகத்தில் தியோபால்ட் ஸ்மித் என்ற இளம் மருத்துவர் வேலை பார்த்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். அதனால் ராபர்ட் காக் எழுதிய ஜெர்மன் கட்டுரைகளை நேரடியாகப் படித்து, நுண்ணுயிர்களை வளர்க்கும் முறைகளைத் தாமே கற்றுக்கொண்டவர். அப்போது பன்றிக் காலரா என்ற நோய் பண்ணைகளைச் சூறையாடிக்கொண்டிருந்தது. 1885இல், நோயுற்ற பன்றிகளிலிருந்து கோல் வடிவ பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தார் ஸ்மித். ஆனால், அது உலகுக்குத் தெரிந்தது தலைவர் சால்மனின் பெயரில். 1900இல் லின்யேர் என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் அந்த இனத்துக்குப் பெயர் வைத்தபோது, சால்மனைப் பெருமைப்படுத்தும் விதமாகச் சால்மோனெல்லா என்று வைத்துவிட்டார்.

இது அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆய்வகத்தை உருவாக்கி ஆளைச் சேர்த்தவர் தலைவர்தான், அதை மறுக்கவில்லை. ஆனாலும், இரவு பகலாகக் குழாய்களோடு உட்கார்ந்திருந்தவர் வேறொருவர். ஸ்மித் சோர்ந்துவிடவில்லை. உண்ணி வழியாக மாட்டுக் காய்ச்சல் பரவுவதை 1893இல் நிரூபித்துக் காட்டினார். செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவுக்குள் மலேரியாவைக் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பாக்டீரியா பன்றிக் காலராவுக்குக் காரணமே இல்லை! பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்த திரவமும் பன்றிகளுக்கு நோயை உண்டாக்குவதை, அதே துறையின் ஆய்வாளர்கள் 1903இல் கண்டறிந்தார்கள். உண்மையான குற்றவாளி ஒரு வைரஸ். சால்மோனெல்லா கூட்டத்தோடு கூட்டமாக வந்து மாட்டிக்கொண்டது. ஆனால், அந்தத் தவறான பாதையிலேயே ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. சூடேற்றிக் கொன்ற கிருமியைப் புறாக்களுக்குச் செலுத்தினால் நோய் தாக்குவதில்லை என்று 1886இல் சால்மனும் ஸ்மித்தும் காட்டினார்கள். இறந்த கிருமியாலும் தடுப்பூசி செய்யலாம் என்பது அப்போது புதிய செய்தி.

பிறகு கோழிக்கறி எங்கே வந்தது? சால்மோனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் சில கோழியின் குடலில் சத்தமில்லாமல் வாழும். கோழிக்கு ஒன்றும் ஆகாது. வெட்டிய பின் வெந்நீரில் முக்கி, இறகு நீக்கி, குடலை எடுக்கும்போது ஒரு கோழியின் அழுக்கு இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். பார்க்கத் தளதளவென்று இருக்கும் கறியிலும் கிருமி இருக்கலாம், நாற்றமும் இருக்காது. அமெரிக்காவில் 1906இல் வந்த பெரிய இறைச்சிச் சட்டம் மாடு, பன்றி, ஆடு போன்றவற்றைத்தான் பார்த்தது. கோழிக்கென்று கட்டாயச் சோதனைச் சட்டம் வர 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் அம்மா கோழியை மஞ்சள் தூள் போட்டு மூன்று தண்ணீரில் அலசுவார். நானும் பல வருடங்கள் அப்படியே செய்தேன். அலசினால் கிருமி போகாது. குழாய்த் தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் இருக்கும் தட்டுக்கும் வெள்ளரிக்காய்க்கும்தான் பரவும். குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்தாலும் அது சாகாது, தூங்கும். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் செத்துவிடும். கோழி வெட்டிய பலகையில் கழுவாமல் சாலட் நறுக்கினால் சமைத்த புண்ணியமும் வீண்.

சால்மன் 1905இல் பதவியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு தென்னமெரிக்காவின் உருகுவே நாட்டுக்குப் போய், மான்டிவிடேயோவில் கால்நடை மருத்துவக் கல்விக்குத் தலைமை ஏற்றார். திரும்பி வந்து மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரில் வாழ்ந்தவர், 1914 ஆகஸ்ட் 30ஆம் தேதி நிமோனியாவால் காலமானார். வயது 64.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மாணவி அழிப்பானை எடுத்து மீனை அழித்துவிட்டாள். அந்த இடத்தில் ஒரு கோழியும் ஒரு பன்றியும் வந்தன. ஓரத்தில், சின்னதாக, மீசை வைத்த இரண்டு மனிதர்கள். ஸ்மித்தைக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்திருந்தாள்.