கணக்காயர் குமரப்பா

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மீதேறி நாற்றிசையும் நோக்குவார்க்குக் கீழே விரிந்து கிடக்கும் புன்செய் வெளிகளும் கிணற்றுத் தோட்டங்களும் கண்ணுக்கினிய காட்சியாகும். அந்நிலங்களின் கிஸ்திப் பணம் எங்கே சென்றது என்னும் வினா ஆங்கு ஒருவர்க்கும் எழுவதில்லை. 1792-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து இச்சீமை கிழக்கிந்தியக் கம்பெனியார் கைப்பட்டது. அது முதல் நம் குடியானவர் செலுத்திய வரி கம்பெனியின் பேரேட்டில் ஏறலாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலஞ் சென்றபின் அப்பேரேட்டைக் கையிலெடுத்து வரிவரியாகப் பரிசோதித்தவருள் ஒருவர் தமிழர். அவரே ஜே. ஸி. குமரப்பா.

அவர் 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். இளமையில் அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது. இலண்டன் மாநகரிற் கணக்காய்வுக் கலை பயின்று, 1919-இல் நாடு திரும்பிப் பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். கம்பெனிகளின் வரவு செலவை ஆய்ந்து, எச்செலவு நியாயமானது, எது பிறர் தலையிற் சுமத்தப்பட்டது என்று பிரித்தறிவதே அத்தொழிலின் உயிர்நிலை. அதிற் பெற்ற பயிற்சி அவரைப் பின்னர் ஒரு நாளும் விட்டு நீங்கவில்லை.

1927-இல் அவர் அமெரிக்கா சென்றார். ஆங்கு ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நேர்ந்தது. கொலம்பியா சர்வகலாசாலையிற் பொதுநிதியியல் கற்பித்த பேராசிரியர் செலிக்மன் அதனை அறிந்து, அப்பொருளையே ஆராயுமாறு ஊக்கினார். வரி எவரிடமிருந்து வாங்கப்படுகிறது, எவர் நன்மைக்குச் செலவாகிறது என்று தேடப் புகுந்த குமரப்பா, இராணுவத்திற்கும் கடன் வட்டிக்கும் உயர்ந்த உத்தியோகங்களுக்கும் பெரும் பொருள் செல்வதையும், கல்விக்கும் சுகாதாரத்திற்கும் எஞ்சுவது சிறிதாவதையும் கண்டார். ஆங்கில நாகரிகத்தில் ஊறியிருந்த அவர் உள்ளத்தை மாற்றியது எந்த மேடைப் பேச்சும் அன்று; அரசாங்கத்தார் தாமே அச்சிட்ட கணக்குகளே.

1929 மே மாதத்தில் அவ்வாராய்ச்சியை வெளியிடும் பொருட்டுச் சபர்மதிக்குச் சென்று காந்தியடிகளைக் கண்டார். மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவர் முன்னே, மேனாட்டு உடையுடன் தரையில் அமர்ந்தார். அடிகள் அதனை ‘யங் இந்தியா’வில் வெளியிட இசைந்ததோடு, குஜராத்தின் ஒரு தாலூகாவில் கிராம ஆராய்ச்சி செய்யவும் பணித்தார். தமக்குக் குஜராத்தி தெரியாதே என்று குமரப்பா தயங்கினாராம். வித்தியாபீட மாணவர்களைத் துணையாகக் கொடுத்து அத்தடையை அடிகள் நீக்கிவிட்டார். மாதர் தாலூகாவின் ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில் வீடுவீடாகச் சென்று விளைவு, கடன், கூலி, வரி அனைத்தையும் அவர்கள் குறித்தனர். நம் கல்லூரி மாணவர் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். ஆராய்ச்சி செய்தவர்களும் அவர்களைப் போன்ற மாணாக்கரே.

1931-இல் பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் உள்ள கடன் பொறுப்புகளை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவில் பகதூர்ஜி, பூலாபாய் தேசாய், கே. டி. ஷா ஆகியோருடன் குமரப்பாவும் அமர்ந்து, அதனைக் கூட்டுவோராகவும் இருந்தார். இங்கேதான் கம்பெனியின் பழைய பேரேடு மீண்டும் திறக்கப்பட்டது. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கம்பெனியின் வியாபாரம் நின்றது. ஆயினும் அதன் 60 இலட்சம் பவுன் மூலதனத்திற்கு ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்தரை வீதம், அதாவது 6,30,000 பவுன், இந்திய வருமானத்திலிருந்து பங்குதாரர்க்கு அளிக்கப்பட்டு வந்தது. 1858-இல் ஆட்சி அரசியார் கைக்கு மாறிய பின்னும் அது நிற்கவில்லை. முடிவில் 1874-இல் நூறு பவுன் பங்கிற்கு இருநூறு பவுன் என்று கணக்குத் தீர்த்துக் கம்பெனி கலைக்கப்பட்டது. வாங்கப்பட்ட நாடே தன் விலையைத் தானே கொடுத்தது என்பதல்லவா இதன் பொருள்? நம் திண்டுக்கல் வட்டாரத்துக் கம்பும் சோளமும் விற்ற காசும் அவ்விலையில் ஒரு துளியாகச் சேர்ந்திருக்கும். பிற நாடுகளில் நிகழ்ந்த போர்களின் செலவும் 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவும் இவ்வாறே இந்தியாவின் பற்றில் எழுதப்பட்டிருந்தன. கடனை மறுப்பது குமரப்பாவின் நோக்கமன்று. இந்தியாவின் பொருட்டு வாங்கிய கடன் எது, அல்லாதது எது என்று பிரித்துக் காட்டுவதே அவர் வேலை. கணக்காயர் செய்யும் வேலையும் அதுவே.

தம்மவர் கணக்கிலும் அவர் தளரவில்லை. 1934-இல் பீகார்ப் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தபோது, காந்தியடிகளின் பரிவாரத்தின் செலவையும் அந்நிதியிலிருந்து கொடுக்க மறுத்துவிட்டார். அடிகள் அதனை ஏற்றுக்கொண்டார்.

அவ்வாண்டின் இறுதியில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை வார்தாவிலிருந்து பல்லாண்டு நடத்தினார். செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தோல் பதனிடுதல் ஆகிய தொழில்களை ஆதரித்து எழுதினார். ஆலைப் பொருளின் விலை மலிவாயிருப்பது, வேலையிழந்தவன் பசியும் கெட்டுப்போன நிலமும் அவ்விலையிற் சேராமையால்தான் என்பது அவர் வாதம். உலக்கை பிடித்த பெண்களின் கைவலியை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்தாரா என்பது நமக்கு ஐயமே. ஆனால் விலையிற் சேராத செலவைப் பற்றி அவர் கூறியதை மறுக்க நம்மால் இயலவில்லை. நம் ஊர்த் தோற்சாலைகள் விற்ற தோலின் விலையில், அவற்றின் கழிவுநீரால் உப்பேறிப் பாழ்பட்ட அயற்கிணறுகளின் நட்டம் சேர்ந்திருக்கவில்லை. அந்நட்டத்தைக் கிணற்றுக்கு உடையவரே ஏற்றனர்.

சிறையிலிருந்தபோது அவர் எழுதிய ‘நிலைபேற்றுப் பொருளாதாரம்’ 1945-இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கி 1949-இல் அறிக்கை அளித்தார். மணஞ் செய்துகொள்ளாத அவர், இறுதி ஆண்டுகளை மதுரைக்குத் தென்மேற்கிலுள்ள தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதனத்திற் கழித்தார். அந்நாளில் திண்டுக்கல்லும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததே. 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், குமரப்பா காலமானார்.