உச்சவரம்பை எதிர்த்த ஆட்டக்காரர்

கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரின் ஒரு வாரச் சம்பளமே லட்சக்கணக்கான பவுண்டுகள் என்ற செய்தியை இன்று வியப்பின்றிப் படிக்கிறோம். இதே இங்கிலாந்தில் 1901 முதல் 1961 வரை, எத்தகைய திறமைசாலியாக இருந்தாலும் ஆட்டக்காரருக்குக் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்ற விதி இருந்தது. தொடக்கத்தில் அந்த உச்சவரம்பு வாரத்துக்கு நான்கு பவுண்டு. அதை முதலில் எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த வலது விங்கர் பில்லி மெரிடித்.

தொழிலாளர் பொருளாதாரத்தைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். விற்பவர் பலராகவும் வாங்குபவர் ஒருவராகவும் இருக்கும் சந்தையில் கூலி எவ்வாறு தாழ்த்தப்படுகிறது என்பதை 1933-இல் வெளிவந்த தம் நூலில் ஜோன் ராபின்சன் விளக்கினார். 1956-இல் சைமன் ராட்டன்பெர்க் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் சந்தையை ஆராய்ந்து விளையாட்டுப் பொருளாதாரத்துக்கு வித்திட்டார். இவற்றைக் கரும்பலகையில் வரைபடமாகப் போட்டபோது மாணவர்கள் குறிப்பெடுத்தனர். மெரிடித்தின் கதையைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

1874 ஜூலை 30 அன்று, வடக்கு வேல்ஸில் சர்க் என்னும் ஊரை அடுத்த பிளாக் பார்க் என்ற சுரங்கக் குடியிருப்பில் மெரிடித் பிறந்தார். பன்னிரண்டு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சர்க் ஊர் அணியிலும் நார்த்விச் விக்டோரியா அணியிலும் ஆடியவரை 1894-இல் மான்செஸ்டர் சிட்டி அழைத்துக்கொண்டது. அதன் பிறகும் சில காலம் அவர் சுரங்க வேலையை விடவில்லை. ஆட்டம் எத்தனை நாள் சோறு போடும் என்ற ஐயம் தொழிலாளர் குடும்பங்களுக்கு இயல்பானதுதானே!

மைதானத்தின் வலது எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தைக் கடத்திச் சென்று, கோல் முகத்துக்குத் துல்லியமாகத் தூக்கிக் கொடுப்பது அவருடைய தனித்திறன். ஆடும்போது வாயில் பல்குச்சி ஒன்று இருக்கும். கேலிச்சித்திரக்காரர்களுக்கு அந்தக் குச்சியே போதுமானதாக இருந்தது. 1904-ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் போல்டன் வாண்டரர்ஸ் அணிக்கு எதிரான ஒரே கோலை அணித்தலைவரான அவரே அடித்தார். மான்செஸ்டர் சிட்டிக்குக் கிடைத்த முதல் பெருங்கோப்பை அது.

அன்றைய விதிகளை இங்கே சற்று விளக்க வேண்டும். ஒன்று, சம்பள உச்சவரம்பு. மற்றொன்று, அதைவிடக் கடுமையான தக்கவைப்பு முறை. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும், பழைய கிளப் சம்மதிக்காமல் ஆட்டக்காரர் வேறு லீக் கிளப்புக்குச் செல்ல முடியாது. நான்கு பவுண்டு என்பது அன்றைய தேர்ந்த கைவினைஞரின் கூலியைவிட அதிகம்தான். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அதையும் எட்டவில்லை என்பதும் உண்மைதான். ஆனால், கேள்வி தொகையைப் பற்றியது அன்று. பேரம் பேசும் உரிமை ஒரு தரப்பிடம் மட்டுமே இருந்தது என்பதே இங்கு முக்கியம்.

விலைக்கு உச்சவரம்பு விதித்தால் கள்ளச்சந்தை பிறக்கும் என்பது எங்கள் துறையின் பாலபாடம். வசதியுள்ள கிளப்புகள் கணக்கில் காட்டாமல் கூடுதல் பணம் கொடுத்தன. மான்செஸ்டர் சிட்டியும் அவற்றுள் ஒன்று.

1905 ஏப்ரலில், பருவத்தின் கடைசி ஆட்டம் ஆஸ்டன் வில்லாவுடன் நடந்தது. சிட்டி தோற்றது. வில்லா அணித்தலைவர் அலெக் லீக்குக்குப் பத்து பவுண்டு தருவதாகச் சொல்லி ஆட்டத்தை விட்டுக்கொடுக்கத் தூண்டினார் என்று மெரிடித் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர் மறுத்தார், எனினும் தடை விதிக்கப்பட்டது. தடைக்காலத்தில் கிளப் சம்பளம் தர மறுத்ததும், சிட்டியின் கள்ளக் கணக்குகளை அவர் வெளிப்படுத்தினார். அந்த லஞ்ச முயற்சியும் மேலிடத்துக்குத் தெரிந்தே நடந்தது என்றார். அதாவது, முன்பு மறுத்ததை இப்போது அவரே ஒப்புக்கொண்டார்.

விசாரணையின் முடிவில் 1906-இல் பதினேழு ஆட்டக்காரர்கள் தடைக்கும் அபராதத்துக்கும் உள்ளாயினர். மேலாளர் டாம் மேலி ஆங்கிலக் கால்பந்திலிருந்தே விலக்கப்பட்டார். ஆட்டக்காரர்களை விற்றுத் தீர்க்கும் நிலைக்குக் கிளப் தள்ளப்பட்டது. மெரிடித்தும் சாண்டி டர்ன்புல் உள்ளிட்ட வேறு மூவரும் அதே நகரின் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்குச் சென்றனர். தடை நீங்கிய 1907 ஜனவரி 1 அன்று யுனைடெட் எதிர்கொண்டதும் ஆஸ்டன் வில்லாவைத்தான்! அந்த அணி 1908-இலும் 1911-இலும் லீக் பட்டத்தையும், 1909-இல் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது.

1907 டிசம்பர் 2 அன்று மான்செஸ்டர் நகரின் இம்பீரியல் ஹோட்டலில் மெரிடித்தின் தலைமையில் ஆட்டக்காரர்கள் கூடித் தொழிற்சங்கம் அமைத்தனர். 1909-இல் கால்பந்துக் கழகம் அச்சங்கத்துக்கு அளித்த அங்கீகாரத்தை விலக்கி, உறுப்பினர்கள் வெளியேறாவிட்டால் ஆட முடியாது என்று அறிவித்தது. பலர் பணிந்தனர். யுனைடெட் ஆட்டக்காரர்கள் பணியவில்லை. விலக்கப்பட்டோர் அணி என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டு, வேறோர் இடத்தில் பயிற்சி செய்தனர். புதிய பருவம் தொடங்கவிருந்த தறுவாயில் சமரசம் ஏற்பட்டது. சங்கம் பிழைத்தது; உச்சவரம்பும் பிழைத்தது. அடுத்த ஆண்டே சுமார் 80,000 பேர் பார்க்கக்கூடிய ஓல்டு டிராஃபோர்டு மைதானம் திறக்கப்பட்டது. வருவாய்க்கு உச்சவரம்பு இல்லை.

புகழ் பெற்றவரின் நிலையே இது என்றால், பிழைப்புக்காகக் கிளப் கிளப்பாக மாறிய எளிய ஆட்டக்காரரின் நிலை என்ன? கிங்கபி என்னும் வலது விங்கர் அதற்குச் சான்று. அவரை வாங்கிய ஆஸ்டன் வில்லா சில ஆட்டங்களுக்குப் பின் வேண்டாம் என்றது; ஆனால் விடுவிக்கவும் இல்லை. அவர் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட விலை, அவர் வேறிடத்தில் பிழைப்பதற்குத் தடையாயிற்று. சங்கத்தின் ஆதரவோடு அவர் தொடுத்த வழக்கு 1912-இல் தோற்றது. வழக்குச் செலவில் சங்கமே நிலைகுலைந்தது.

பல ஆண்டுகள் இந்தக் கதையை நான் லஞ்சப் பகுதியை விட்டுவிட்டே வகுப்பில் சொல்லிவந்தேன். நூலகத்தில் தேடிப் படித்த மாணவி ஒருவர், அதை ஏன் மறைத்தீர்கள் என்று வகுப்பிலேயே கேட்டார். நாயகனின் ஒளி மங்கிவிடும் என்று அஞ்சினேன் என்பதே உண்மையான விடை. அன்று அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை, மழுப்பினேன். அடுத்த ஆண்டிலிருந்து முழுக் கதையையும் சொன்னேன். முழுக் கதையே சிறந்த பாடம் என்பதை அதன் பிறகுதான் உணர்ந்தேன். லஞ்சம் கொடுக்க முயன்றது தவறு. விதி தீயது என்பதால் அத்தவறு நீங்கிவிடாது. ஆனால், தவறு செய்தவர் கேட்டார் என்பதால் அவர் கேட்ட உரிமை பொய்யாகிவிடாது.

உழைப்பாளர் உரிமை கேட்கும்போதெல்லாம், கேட்பவரின் நடத்தையைத் துருவி ஆராய்ந்து கோரிக்கையைத் தள்ளிவிடுவது உலகெங்கும் அதிகாரத்தின் பழைய உத்தி. நம் ஊரிலும் சில தனியார் கல்லூரிகள் ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு வேலைக்குச் செல்லவிடாமல் தடுப்பதைப் பார்த்திருக்கிறேன். என் மாணவர்கள் சிலரே அவ்வாறு சிக்கியிருக்கிறார்கள். கிங்கபியை நினைக்காமல் அவர்களின் கதையை என்னால் கேட்க முடிந்ததில்லை.

வேல்ஸ் நாட்டுக்காக 48 ஆட்டங்கள் ஆடிய மெரிடித், 1920-இல் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே வென்ற ஆட்டத்துடன் தேச அணியிலிருந்து விடைபெற்றார். அப்போது அவருக்கு வயது 45. மறு ஆண்டு மான்செஸ்டர் சிட்டிக்குத் திரும்பினார். 1924-இல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் கடைசியாகக் களமிறங்கியபோது ஐம்பதை நெருங்கியிருந்தார்.

1958 ஏப்ரல் 19 அன்று மான்செஸ்டரில் காலமானார். மியூனிக் விமான விபத்தில் யுனைடெட் அணி சிதைந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. துயரில் மூழ்கியிருந்த நகரம் முதியவரின் மறைவைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. பெயர் பொறித்த கல்கூட இன்றி அவர் கல்லறை பல்லாண்டுகள் கிடந்தது. சம்பள உச்சவரம்பு 1961-இல் ஒழிந்தது. தக்கவைப்பு முறை நியாயமற்றது என 1963-இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தொடங்கிய சங்கத்தின் வழித்தோன்றலே அவ்விரு போராட்டங்களையும் நடத்தியது.

பின்னாளில் அச்சங்கமும் அவருடைய இரு கிளப்புகளும் வேல்ஸ் கால்பந்துக் கழகமும் சேர்ந்து அவருக்குக் கல்லறைக்கல் நாட்டின. தாமதமான கடன் தீர்ப்புதான், ஆயினும் தீர்த்தார்கள். தூய மனிதர் ஒருவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தால் எந்த உரிமையும் பிறந்திருக்காது.