பூட்டுக்கு வைத்த தேர்வு

பௌதிக வகுப்பில் 'பிராமா அழுத்தி'யைப் படித்த நான், ஜோசப் பிராமாவின் வாழ்வைப் பின்னரே அறிந்தேன். 1748இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உழவர் மகனாகப் பிறந்தார். காலில் அடிபட்டதால் ஏரை விட்டு உளியைப் பிடித்தார். 1784இல் புதுவகைப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அந்நாளில் அங்கே கருவியைச் சோதித்துப் பார்த்துக் காப்புரிமை வழங்கும் முறை இல்லை. பிராமா தம் பூட்டுக்குத் தாமே தேர்வு வைத்தார். லண்டன் கடைச் சன்னலில் அதை வைத்து, சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். 1814இல் அவர் மறையும்வரை எவராலும் திறக்க முடியவில்லை. 1851இல்தான் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். பூட்டு தோற்றது; பிராமா தோற்கவில்லை. பட்டச் சான்றிதழோடு விரைவில் வெளியேறப் போகும் எனக்கு, உண்மைத் தேர்வு கல்லூரி வாயிலுக்கு வெளியேதான் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.